அன்னதானத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறது, நைட் வாட்ச்மேன் சம்பளத்துக்கு யார்?

வாசகர் கேள்வி, 27 ஜூலை 2025

ஆடி பிறந்ததிலிருந்து சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூழ், அன்னதானம். கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் போனால் வேண்டாம் என்றாலும் கையில் தட்டைத் திணிக்கிறார்கள். ஆனால் வீடற்றவர்களுக்குக் காப்பகம் நடத்துகிறவர்கள் மட்டும் எப்போது பார்த்தாலும் நிதி இல்லை, நிதி இல்லை என்றே பேசுகிறார்கள். அரசு கொடுக்கிறது, கம்பெனிகள் சிஎஸ்ஆர் என்று சமூகப் பணிக்குக் கொடுக்கின்றன, வெளிநாட்டுப் பணமும் வருகிறது. எல்லாம் எங்கேதான் போகிறது? கணக்கு தெரிந்த யாராவது சொல்லுங்கள். சேவை, தியாகம் என்று ஆரம்பிக்க வேண்டாம்.

28 ஜூலை 2025

கேள்வி நியாயம்தான், தோரணையில்தான் கொஞ்சம் காரம் தூக்கல். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். சாயந்திரத்தில் ஒரு சின்ன டிரஸ்ட்டின் வரவு செலவையும் பார்த்துக் கொடுக்கிறேன், அவர்கள் நடத்துவது இரவுக் காப்பகம். பெயர் போட மாட்டேன், போட்டால் விளம்பரம் என்பீர்கள்.

பணம் எங்கே போகிறது என்பதைவிட, என்ன பெயர் எழுதி வருகிறது என்று பாருங்கள். விவகாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் அரசுப் பணம். 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது அதற்குள் நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டமும் இருந்தது. 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த வருடத்துக்கு 6 லட்சம், ஐந்து வருடம் வரை. அதாவது மாதம் 50,000. அதே வழிகாட்டு நெறிமுறையிலேயே ஒரு மேலாளர், எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவர் வீதம் மூன்று பராமரிப்பாளர்கள் வேண்டும் என்றும் இருக்கிறது. நான்கு பேருக்கும் தலைக்குப் பத்தாயிரம் போட்டால் 40,000 முடிந்தது. மிச்சம் பத்தாயிரத்தில் கரண்ட், தண்ணீர் லாரி, பினாயில், போர்வை சலவை, மாத்திரை, எரிந்துபோன ஃபேன் காயில். பத்தாயிரத்துக்கு விடிய விடியக் கண் விழிக்க இன்றைக்கு எவன் வருவான்? ஜவுளிக் கடை வாசலில் தொப்பி போட்டு நின்றாலே கூடக் கிடைக்கும்.

இன்னொரு விதமாகவும் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு மாதம் ஆயிரம், ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய். அது 2013-ன் விலைவாசிக்குப் போட்ட தொகை. இதில் மத்திய அரசின் பங்கு முதலில் 75 சதவீதமாக இருந்தது, பிறகு 60 ஆனது. மீதி மாநிலத்தின் தலையில்.

29 ஜூலை 2025

"சேலத்துக்கு எத்தனை காப்பகம் வேண்டும் என்று யார் சொல்வது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திட்டமே சொல்கிறது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம், அதாவது 50 பேர் தங்கும் காப்பகம் இரண்டு. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சி 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆக பதினாறு. அதற்கப்புறம் ஊர் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று ஐந்து ரோட்டில் சாயந்திரம் ஆறு மணிக்கு நின்று பார்த்தாலே தெரியும்.

2011 பற்றி இன்னொன்று. வீடற்றவர்களை அந்த வருடம் பிப்ரவரி 28 ராத்திரி, ஒரே இரவில்தான் எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் என்று வந்தது. பாலத்துக்கு அடியிலும் ஜங்ஷன் வாசலிலும் படுத்திருப்பவரை எண்ணலாம். லீ பஜாரில் மூட்டை இறக்கிவிட்டு லாரி கேபினுக்குள் தூங்குகிறவரை எப்படி எண்ணினார்கள் என்பது எனக்கு இன்றுவரை புதிர். இனி அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். அதுவரைக்கும் நிதி கேட்டு எழுதும் எல்லா விண்ணப்பத்திலும் பதினான்கு வருடப் பழைய எண்ணைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். கம்பெனி ஆபீசர் படித்துவிட்டு "லேட்டஸ்ட் டேட்டா இல்லையா" என்பார். இருந்தால் தர மாட்டோமா சார்.

அமெரிக்காவில் வருடா வருடம் ஜனவரியில் ஒரு ராத்திரி எண்ணுகிறார்கள். 2024-ல் 7,71,480 பேர். முந்தின வருடத்தைவிட 18 சதவீதம் கூடுதல். எண்ணுவதால் மட்டும் குறைந்துவிடவில்லை, அதுவும் உண்மை.

3 ஆகஸ்ட் 2025

ஆடிப்பெருக்கு. காப்பகத்துக்கு இன்று மூன்று பார்ட்டி சாப்பாடு கொண்டு வந்தார்கள். சித்ரான்னம், தயிர்சாதம், அப்புறம் இன்னொரு சித்ரான்னம். மூன்றுமே மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில்.

அந்த நேரத்தில் காப்பகத்தில் யார் இருப்பார்கள்? முடியாத கிழவர்கள் சிலர், காலில் கட்டுப் போட்டவர் ஒருவர், சமையல் பாத்திரம் தேய்க்கும் அம்மா. மற்றவர்கள் எல்லாம் வேலைக்குப் போனவர்கள். வீடற்றவர் என்றால் வேலை இல்லாதவர் என்று ஏன்தான் நினைக்கிறார்களோ. பூ மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர், ஓட்டலில் இலை எடுக்கிறவர், அட்டை பொறுக்குகிறவர், மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவர், எல்லாரும் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வருவார்கள். அதற்குள் தயிர்சாதம் புளித்திருக்கும்.

கொண்டு வந்தவர்களிடம் "ராத்திரிக்குக் கொடுங்களேன்" என்று கேட்டுப் பார்த்தோம். ராத்திரியில் ஃபோட்டோ சரியாக வராதாம். வாயால் அப்படிச் சொல்லவில்லை, "குழந்தைகள் தூங்கிடும்ங்க" என்றார்கள். அர்த்தம் அதுதான்.

6 ஆகஸ்ட் 2025

சிஎஸ்ஆர் பற்றிக் கேட்டவருக்கு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். நம் ஊரில் கொலுசுப் பட்டறைகளும் ஜவ்வரிசி ஆலைகளும் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு வேலை தருகின்றன, ஆனால் ஒவ்வொன்றாக எடுத்தால் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழே. ஆக சிஎஸ்ஆர் என்றால் சில பெரிய ஆலைகளின் கதவைத்தான் தட்ட வேண்டும். அந்தக் கதவில் பள்ளிக்கூடம், ஏரி, ஆஸ்பத்திரி என்று ஏற்கெனவே பெரிய கூட்டம்.

அவர்களுக்குப் பிடித்தது எது? திறப்பு விழா நடத்தக்கூடியது. குடிநீர் சுத்திகரிப்பு மெஷின், இரும்புக் கட்டில், தையல் மெஷின், சோலார் பேனல். எங்களுக்கு ஒரு கம்பெனி கட்டில் கொடுத்தது. நல்ல கட்டில், குறை சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கம்பெனி பெயரை நீலப் பெயிண்டில் அச்சடித்திருந்தார்கள். சுவரில் ஒரு ஸ்டீல் பலகை, எங்கள் டியூப்லைட்டை விட நீளம். அந்த மாதம் வாட்ச்மேனுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்திருந்தோம். அவரே பலகைக்கு ஆணி அடித்தார், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

சம்பளம் கேட்டால் "அது நிர்வாகச் செலவு, 5 சதவீதத்துக்கு மேல் தர விதி இல்லை" என்பார்கள். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஆர் விதியில் உள்ள அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கான வரம்பு. பணம் வாங்கிக் களத்தில் வேலை செய்யும் அமைப்பின் சம்பளத்துக்கு அது பொருந்தாது. 2021-ல் அமைச்சகமே கேள்வி பதிலாக விளக்கம் கொடுத்துவிட்டது. நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் ஒரு இடத்தில் காட்டினேன். படித்துப் பார்த்தார். "எங்க ஹெட் ஆபீஸ் பாலிசி வேறங்க" என்றார். அப்புறம் என்ன பேச.

6 ஆகஸ்ட் 2025, ராத்திரி

ஒன்றை விட்டுவிட்டேன். ஆட்டோ.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. 108 வர நேரமானால் வாட்ச்மேன் தெரு முனையில் நிற்கும் ஆட்டோவைப் பிடித்து ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போவார். 150 ரூபாய். இதற்கு நான் என்ன வவுச்சர் வைப்பது? ஆட்டோக்காரர் பில் தர மாட்டார். வாட்ச்மேன் ஒரு துண்டுச் சீட்டில் "ஆட்டோ, ஜி.ஹெச்., 150" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார், பின்பக்கம் பார்த்தால் டீக்கடைக் கணக்கு. கம்பெனியின் ஆடிட்டர் அதைச் சிவப்பு மையில் சுழித்து "ஆதாரம் இல்லை" என்று எழுதி அனுப்புவார். வருடத்துக்கு அப்படி ஒரு கட்டுச் சீட்டு சேர்கிறது. காப்பகம் செய்யும் வேலையில் நிஜமாகவே உயிர் பிழைக்க வைத்தது அந்தக் கட்டில் இருப்பதுதான், பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் அது ஏறாது.

17 ஆகஸ்ட் 2025

வெளிநாட்டுப் பணம். எங்கள் டிரஸ்ட்டுக்கு நேரடி எஃப்சிஆர்ஏ அனுமதி, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கும் சட்ட அனுமதி, கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. சென்னையில் ஒரு பெரிய அமைப்பு வாங்கி, அதிலிருந்து எங்களைப் போன்ற சின்ன ஊர் ஆட்களுக்கு மாதம் ஒரு தொகை பிரித்துக் கொடுப்பார்கள். வாட்ச்மேன் சம்பளமும் வாடகையும் அதில்தான் ஓடியது. 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டு நிதியை வாங்கியவர் வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20. கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். செப்டம்பர் 29 முதல் அமல். அக்டோபரில் எங்களுக்குப் பணம் வரவில்லை, அவ்வளவுதான்.

திருத்தத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கை மாறிக் கை மாறிப் போகும் பணத்தில் கடைசியில் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், கணக்கு எழுதுகிறவனாக எனக்கே தெரியும். ஆனால் சேலத்தில் காப்பகம் நடத்தும் ஒருத்தர் ஜெனீவாவில் இருக்கும் அறக்கட்டளைக்கு ஆங்கிலத்தில் நாற்பது பக்கத் திட்ட அறிக்கை எழுத முடியாது. சென்னைக்காரர்கள் அதை எழுதினார்கள், நாங்கள் ராத்திரி கண் விழித்தோம். அந்த ஏற்பாடு முறிந்தது.

அதே 2020-ல் இன்னொன்றும் நடந்தது. மார்ச் கடைசியில், கொரோனாவுக்காகத் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் கணக்கில் சேரும் என்று சொல்லிவிட்டார்கள், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்றும் சொன்னார்கள். அந்த வருடத்துக்கு எங்களிடம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு கம்பெனி ஒரே காசோலையில் வேலையை முடித்துக்கொண்டது. சட்டப்படி தப்பே இல்லை.

24 ஆகஸ்ட் 2025

பிறந்தநாளுக்கு ஏதாவது செய்யலாமா, என்ன தேவை என்று ஒருவர் தனியாகக் கேட்டார். செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கிறது, லாரிக்குப் பணம் கட்டுங்கள் என்றேன். அதற்கப்புறம் பதிலே இல்லை.

வேண்டுமானால் பேனர் வைக்கிறேன் சார். "செல்வன் இன்னார் அவர்களின் முதலாம் ஆண்டு பிறந்தநாளை முன்னிட்டு செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்பட்டது, வாழ்த்தும் நெஞ்சங்கள்" என்று நாலுக்கு ஆறு ஃபிளக்ஸ். கேக் வெட்டும் இடத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

14 செப்டம்பர் 2025

80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் பிரிவு பற்றி நிறையப் பேர் கேட்டதால் கொஞ்சம் நீளமாக. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

மாதச் சம்பளக்காரர்கள்தான் சின்ன டிரஸ்ட்டுகளின் முதுகெலும்பு. ஆசிரியர், வங்கி ஊழியர், ஸ்டீல் பிளாண்ட் ஆட்கள். மாதம் ஐநூறு, ஆயிரம். வருடக் கடைசியில் ரசீது வாங்கிக்கொண்டு போய் 80ஜியில் பாதித் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். பிப்ரவரி, மார்ச் எங்களுக்கு அறுவடை மாதிரி. புதிய வரிமுறையில் இந்தக் கழிவே கிடையாது. 2023-24 முதல் அதுதான் இயல்பான வரிமுறை, பழையது வேண்டும் என்றால் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வருட பட்ஜெட்டில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். மிச்சமாகும் வரிப் பணத்தில் நமக்கு இன்னும் கூடக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரசீது கேட்டு வந்தவர்கள் ரசீது தேவைப்படாதபோது வருவதில்லை, மார்ச்சில் அந்தப் பக்கமே காற்று வாங்குகிறது. மனசு கெட்டவர்கள் இல்லை. ரசீது வாங்க வேண்டும் என்பது ஒரு நினைவூட்டலாக இருந்தது, அது போய்விட்டது.

அடுத்தது வியாபாரிகள். லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் கல்லாவிலிருந்து ரொக்கமாக எடுத்துத் தருவார்கள், இல்லாவிட்டால் அரிசி மூட்டை. ரொக்கம் 2,000-க்கு மேல் போனால் 80ஜி கிடையாது. பொருளாகக் கொடுத்தால் சுத்தமாகக் கிடையாது. அவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கவலை எனக்குத்தான். 2021-22 முதல் ஒவ்வொரு நன்கொடையாளரின் பான் அல்லது ஆதார் எண்ணோடு 10பிடி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். மண்டிக்காரரிடம் போய் "அண்ணாச்சி, பான் நம்பர்" என்று கேட்டால் அடுத்த முறை கல்லாவே திறக்காது. எனக்கெதற்குப்பா ரசீது, பேர் வேண்டாம் என்று எழுதிக்கோ என்பார். பேர் வேண்டாம் என்று எழுதினால் அது அநாமதேய நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேல் போனால் அநாமதேயப் பணத்துக்கு 30 சதவீத வரி. முழுக்க மத அறக்கட்டளையாக இருந்தால் இந்த விதி இல்லை. அதனால்தான் கோவில் உண்டியலில் பேரில்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் விழலாம், காப்பக வாசலில் உண்டியல் வைத்தால் நான் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிரஸ்ட்டின் வரிவிலக்குப் பதிவான 12ஏபியின் புதுப்பிப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று இருந்தது, 2025 பட்ஜெட்டில் சின்ன டிரஸ்ட்டுகளுக்குப் பத்து வருடம் ஆக்கினார்கள். அதற்கு ஆகும் செலவும் நிர்வாகச் செலவுதான்.

15 செப்டம்பர் 2025

"சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டதே, அதில் திரட்டலாமே" என்பவருக்கு (தொண்டு அமைப்புகள் பங்குச் சந்தை வழியாக நிதி திரட்டும் ஏற்பாடு அது): குறைந்தபட்ச வெளியீடே ஒரு கோடியாக இருந்து, 2023-ல் 50 லட்சமாகக் குறைத்தார்கள். மகிழ்ச்சி. எங்கள் மாதாந்திரக் கூட்டம் நடப்பது டீக்கடை பெஞ்சில்.

5 அக்டோபர் 2025

புரட்டாசி. பிரியாணி பார்ட்டிகள் மறைந்துவிட்டார்கள், சனிக்கிழமை சனிக்கிழமை புளியோதரையும் சுண்டலும். நேற்று வந்த புளியோதரையைப் பார்த்ததும் பெரியவர் ஒருவர் "பெருமாளுக்கு இது மட்டும்தான் செய்யத் தெரியுமா" என்றார். கொண்டு வந்தவர் சிரித்துவிட்டார், நல்ல வேளை.

21 அக்டோபர் 2025

தீபாவளிக்கு மறுநாள். புடவை மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். காப்பகத்தில் பெண்கள் குறைவு, வந்திருப்பது முக்கால்வாசி புடவை, அதிலும் பாவாடை கிடையாது. கல்யாணத் தாம்பூலப் பையில் வந்து வீடு வீடாகச் சுற்றிய ப்ளவுஸ் பிட் ஒரு பெட்டி நிறைய. ஆண்களுக்கு லுங்கி, உள்ளாடை, செருப்பு, இதெல்லாம் காசு போட்டு வாங்கினோம். யாரும் உள்ளாடையை தானமாகக் கொடுப்பதில்லை, புதிதாகவும் வாங்கித் தருவதில்லை. சங்கடமாம்.

கம்பளி மட்டும் வருடா வருடம் தேவைக்கு மேல் வரும். சேலத்தில் கம்பளி போர்த்துவது குளிருக்கா? கொசுவுக்கு.

2 நவம்பர் 2025

மழை ஆரம்பித்ததிலிருந்து ராத்திரியில் கூட்டம் கூடியிருக்கிறது. இந்த நேரம் பார்த்துக் கேள்வி கேட்டவரே மறுபடி வந்து, "அரசு ஆறு லட்சம் தருகிறது என்றீர்களே, அது இப்போதும் வருகிறதா" என்று கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கை வைத்தார்.

தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பர் 30-ல் முடிந்துவிட்டது. இந்த வருடம் பிப்ரவரியில் வீடற்றோர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வந்தபோது, நகர்ப்புற வறுமை ஒழிப்புக்கு ஒரு புதிய இயக்கத்தை இறுதி செய்துகொண்டிருக்கிறோம், காப்பகமும் அதற்குள் வரும் என்று மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் சொன்னார். எப்போதிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றது நீதிமன்றம். அன்றைய செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்தது இலவசங்கள் மக்களைச் சோம்பேறி ஆக்குகின்றனவா என்று நீதிபதி கேட்டதுதான். காப்பகத்துக்கு யார் செலவழிப்பது என்ற விஷயம் உள்ளே சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் வாட்ச்மேன் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார், "இங்க படுக்கறவன் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு மார்க்கெட் போறானே சார், சோம்பேறி யாரு?"

இந்த வழக்கு 2003-லிருந்து நடக்கிறது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு போட்டதே, மாநிலங்களுக்குப் போன பணம் செலவாகவில்லை, செலவானதற்குக் காப்பகம் கண்ணில் படவில்லை என்ற சந்தேகத்தால்தான். ஆகவே "அரசு கொடுக்கிறதே" என்பவர்களுக்கு: கொடுக்கிறது, ஒதுக்குகிறது, விடுவிக்கிறது, செலவழிக்கிறது, இந்த நான்கும் வெவ்வேறு. எங்கள் கையில் வந்து சேரும்போது ஐந்தாவதாக "பில் நிலுவையில் உள்ளது" என்று ஒன்று உண்டு.

9 நவம்பர் 2025

நேற்று ஏற்காடு போயிருந்தேன், காப்பகத்தில் இருந்த ஒரு பெரியவரின் விஷயமாக. காப்பி எஸ்டேட்டில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுக்கச் சொன்னது, எஸ்டேட்டும் லைன் வீடு கொடுத்தது. வேலை நின்றால் வீடும் நின்றுவிடும். மனைவி இல்லை, மகன் திருப்பூரில் ஒற்றை அறையில் இன்னும் ஐந்து பேரோடு. அடிவாரத்துக்கு இறங்கி, கொஞ்ச நாள் கோரிமேடு பக்கம், அப்புறம் ஜி.ஹெச். வாசல், கடைசியில் எங்களிடம்.

மேலேயே ஒரு இடம் இருந்தால் மேலேயே இருந்திருப்பார். அவருக்கு மலைக்காற்று வேண்டும், சேலம் வெயில் ஆகாது. ஆனால் திட்டத்தின் பெயரிலேயே நகர்ப்புறம் என்று இருக்கிறது, ஏற்காடு ஊராட்சி ஒன்றியம். மலர்க் கண்காட்சி சீசனில் தங்க ரூம் கிடைக்காமல் டூரிஸ்ட்டுகள் காரிலேயே படுக்கும் ஊரில், அதே ஊரில் பிறந்தவர் படுக்க ஒரு திட்டமும் இல்லை.

போன வேலை முதியோர் உதவித்தொகைக்கான காகிதங்கள். மாநிலம் 2023-ல் 1,200 ஆக்கியது. அதில் மத்திய அரசின் பங்கு, எண்பது வயது ஆகாதவர்களுக்கு, இன்னும் 200 தான். ரேஷன் கார்டு எஸ்டேட் முகவரியில், ஆதார் வேறு ஏதோ எழுத்துப்பிழையோடு, வங்கிக் கணக்கு தூங்குகிறது. மூன்றையும் ஒன்றாக்க ஒரு ஆள் பத்துத் தடவை அலைய வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில்? அதே கதை. ஆனால் அது மட்டும் கிடைத்துவிட்டால் அவர் கையில் மாதா மாதம் சொந்தப் பணம் இருக்கும். ஆயிரம் பொட்டலம் சோற்றை விட அது மேல் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு எஸ்டேட்காரர் நன்றாகப் பேசினார், மிளகு அரைக் கிலோ கொடுத்து அனுப்பினார். காப்பக ரசத்துக்கு ஆகிவிட்டது.

23 நவம்பர் 2025

அன்னதானத்தை ஒரேயடியாகக் கிண்டல் பண்ணுகிறேன் என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தேன். வள்ளலார் 1867-ல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்றால் அதற்குப் பின்னால் இந்த ஊர் ஜனங்களின் அதே மனசுதான் இருக்கிறது. மளிகைச் செலவு எங்களுக்கு மிகக் குறைவு, அதற்குக் காரணம் அந்த மனசு. அதை விட்டுவிட்டுச் சம்பளம் மட்டும் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் சோற்றுக்கு வேறு வழியும் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து. வேலைக்குப் போகிறவர் தன் காசிலேயே சாப்பிட்டுக்கொள்வார், அப்படிச் சாப்பிடத்தான் விரும்புகிறார். ராத்திரி பூட்டு போட்ட ஒரு பெட்டி, கதவு உள்ள ஒரு கழிப்பறை, பக்கத்தில் படுப்பவன் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் தட்டிக் கேட்க ஒரு ஆள், இது மூன்றும் அவர் காசுக்குக் கிடைக்காது.

மனநலம் சரியில்லாமல் தெருவில் திரிகிறவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி போலீஸ் அவர்களை 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். நடப்பில் ராத்திரி ஒரு மணிக்கு ஜீப் எங்கள் வாசலில் நிற்கும், "இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் வச்சுக்குங்க" என்று. வாட்ச்மேன் என்ன செய்வார்? அவருக்கு அதில் எந்தப் பயிற்சியும் கிடையாது. போன மாதம் அப்படி வந்த ஒரு பெண் விடியும் வரை அவரைத் தூங்க விடாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாராம். குரல் நன்றாக இருந்தது என்று சொன்னார். காலையில் நாங்களே ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப் போனோம், ஆட்டோவில், பில் இல்லாமல்.

7 டிசம்பர் 2025

செப்டிக் டேங்க் லாரி வந்துவிட்டது! ஆகஸ்டில் கேட்டுவிட்டுக் காணாமல் போனவரில்லை, இந்த இழையைப் படித்த வேறொருவர். அம்மாபேட்டையில் தறி வைத்திருப்பவர், பெயரைப் போடக் கூடாது என்றார். ஃபிளக்ஸ் வேண்டாமா என்று கேட்டேன், வீட்டில் பொண்டாட்டி அடிப்பாள் என்றார்.

அவர் இன்னொன்றும் செய்தார். நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, வாட்ச்மேன் சம்பளத்தில் ஒரு பங்கை மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் வங்கியில் போட்டுவிடுவதாக ஏற்பாடு. திட்ட அறிக்கை கேட்கவில்லை. சேரும் தொகை பெரிசில்லை, ஆனால் தேதி நிச்சயம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்கு எழுதாதவர்களுக்குப் புரியாது. ஒரு சிஎஸ்ஆர் காசோலை மார்ச்சில் மொத்தமாக வந்து ஏப்ரலுக்குள் செலவழி என்று கழுத்தைப் பிடிக்கும். ஐந்தாம் தேதி ஐநூறு வந்தால் நான் அடுத்த மாதத்தைப் பற்றிப் பேச முடியும், வாட்ச்மேனிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காப்பகத்தை இப்படியே முழுசாக நடத்திவிட முடியுமா? முடியாது. நூறு பேர் ஐநூறு கொடுத்தால்தான் பழைய அரசுத் தொகையையே எட்டும், நூறு பேரைப் பிடித்து வைப்பதே தனி வேலை. அரசு நடத்த வேண்டியதை அரசுதான் நடத்த வேண்டும். இது இடைவெளியை அடைக்க.

10 டிசம்பர் 2025

தனியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்.

நீங்கள் எந்த டிரஸ்ட்டுக்குக் கொடுத்தாலும் கொடுக்கும் முன் 80ஜி பதிவு எண்ணையும் அது எந்த வருடம் வரை செல்லும் என்பதையும் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் வேறு டிரஸ்ட்டைப் பாருங்கள். ஜிபேயில் அனுப்பினால் பான் எண்ணையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள், மே மாதத்தில் உங்களைத் தேடி அலைய வைக்காதீர்கள். சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால் முதல் நாள் ஃபோன் பண்ணிவிட்டு ராத்திரி எட்டரைக்கு மேல் கொண்டு வாருங்கள், மண்டபத்தில் மீந்ததை மட்டும் வேண்டாம். எந்தச் செலவுக்கு என்று குறிப்பிட விரும்புகிறவர்கள் "பொது" என்றே எழுதுங்கள்.

பழைய வரிமுறையில் இருப்பவர்கள் மார்ச் மாதமே 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் கேட்டு ஃபோன் செய்ய வேண்டாம். வருடம் முடிந்து நான் 10பிடி தாக்கல் செய்த பிறகுதான் அது வரும், கடைசித் தேதி மே 31. எனக்கு ஆபீஸிலும் அது சீசன்.